ஊட்டியில் உலை கொதிக்கும் கணக்கு

ஊட்டியில் உலைத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. இங்கே 92, 93 டிகிரி செல்சியஸிலேயே தண்ணீர் தளதளவென்று கொதித்துவிடும். கீழே மேட்டுப்பாளையத்திலிருந்து புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வாரம் திகைத்துப்போவார்கள். தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறது, பருப்போ வேகவே மாட்டேன் என்கிறது.

ஏன் என்று கேட்டால் பள்ளியில் படித்த பதில் தயாராக இருக்கும்: மேலே காற்றழுத்தம் குறைவு. சரியான பதில்தான். ஆனால் பாதி வழியில் நின்றுவிடும் பதில். காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலை ஏன் குறைய வேண்டும்? இந்த ஒரு கேள்வியைக் கடைசிவரை துரத்திக்கொண்டு போனால் வேதியியலின் அடிப்படையான இரண்டு அளவுகளிடம் போய் நிற்போம். ஒன்று என்தால்பி, இன்னொன்று என்ட்ரோபி. பதினோராம் வகுப்பில் இவற்றைச் சூத்திரமாக மனப்பாடம் செய்துவிட்டு அப்புறம் மறந்துபோனவர்கள் நிறையப் பேர். அது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம். இந்த மலையில் அடுப்படியிலும் தோட்டத்திலும் கொடியில் காயும் துணியிலும் அன்றாடம் நடப்பது இந்த இரண்டின் கணக்குதான்.

முதலில் ஒரு தவறான விளக்கத்தை ஓரம் கட்டிவிடலாம். மேலே காற்று லேசாக இருப்பதால் ஆவி அதைத் தள்ளிக்கொண்டு வெளியேறுவது சுலபம், அதனால்தான் குறைந்த சூடு போதுகிறது என்று பலர் சொல்வார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது வேறு மாதிரி வந்தது. 18 கிராம் தண்ணீரை, அதாவது ஒரு மோலை (மூலக்கூறுகளை எண்ண வேதியியல் வைத்திருக்கும் அலகு), எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்தில் கொதித்து ஆவியானால் அது 30.6 லிட்டர் இடத்தை அடைக்கும். ஊட்டியில் அதே 18 கிராம் 39 லிட்டருக்கு மேல் விரியும். எதிர்த்து நிற்கும் அழுத்தம் முக்கால் பங்காகக் குறைகிறது, ஆனால் தள்ள வேண்டிய இடம் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடிவிடுகிறது. இரண்டையும் பெருக்கினால் வரும் வேலை இரண்டு ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், சுமார் 3 கிலோஜூல்.

அது மட்டுமில்லை. 18 கிராம் தண்ணீரை முழுதாக ஆவியாக்க 100 டிகிரியில் 40.7 கிலோஜூல் வெப்பம் செலவாகும். 92.5 டிகிரியில் 41 கிலோஜூல் ஆகும். ஊட்டியில் செலவு குறையவில்லை, மயிரிழை கூடத்தான் செய்கிறது. அப்படியென்றால் கொதிநிலை குறைந்ததற்குக் காரணம் வெப்பச் செலவில் இல்லை. வரவில் இருக்கிறது.

செலவு எது, வரவு எது என்று பார்ப்போம்.

திறந்த பாத்திரத்தில், மாறாத காற்றழுத்தத்தில், ஒரு பொருள் உள்வாங்கும் அல்லது வெளிவிடும் வெப்பம்தான் அதன் என்தால்பியில் ஏற்படும் மாற்றம். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியைப் பிரிக்க ஆற்றல் வேண்டும். மேலே சொன்ன 40.7 கிலோஜூலில் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது, மிச்சம் காற்றைத் தள்ளும் வேலைக்கு. என்தால்பி என்ற சொல் 'சூடேற்று' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஹீலியத்தை முதன்முதலில் திரவமாக்கிய டச்சு விஞ்ஞானி காமர்லிங் ஓனஸ் கொடுத்த பெயர் என்பார்கள். 1909இல் அது அச்சில் வந்தது.

என்ட்ரோபி அதைவிட மூத்த சொல். 1865இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் வைத்தது. பாடப்புத்தகத்தில் இதை 'ஒழுங்கற்ற தன்மை' என்று எழுதியிருப்பார்கள். அந்தச் சொல்லால் எனக்கு முழுத் திருப்தி இல்லை. கலைந்து கிடக்கும் அறை, சிதறிக் கிடக்கும் புத்தகம் என்றெல்லாம் மனம் போய்விடுகிறது. என்ட்ரோபி அளப்பது எத்தனை விதமாக இருக்க முடியும் என்பதை. ஒரு பொருளின் துகள்களும் அவற்றின் ஆற்றலும் தங்களுக்குள் எத்தனை வகைகளில் பரவி அமையலாம் என்ற எண்ணிக்கைதான் அதன் அடிப்படை. இதைத் தெளிவாக்கியவர் ஆஸ்திரிய இயற்பியலாளர் போல்ட்ஸ்மன். வியன்னாவில் அவருடைய கல்லறையில் இந்த உறவைச் சொல்லும் சூத்திரத்தைப் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு சிறு உதாரணம். புல்வெளியில் 10 எருமைகள் மேய்கின்றன, நடுவில் ஓடை, இரண்டு பக்கமும் சரிவு. ஒவ்வோர் எருமையும் தன் போக்கில் எந்தப் பக்கமும் போகலாம் என்று வைத்துக்கொள்வோம். பத்தும் இடப்பக்கச் சரிவிலேயே இருக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. ஐந்து இங்கும் ஐந்து அங்கும் இருக்க 252 வழிகள் உண்டு. பிரிந்து மேயுங்கள் என்று யாரும் விரட்ட வேண்டியதில்லை. பரவியிருக்கும் வழிகள் அதிகம் என்பதாலேயே பெரும்பாலும் பரவியே இருக்கும். பத்துக்கே இப்படி என்றால், 18 கிராம் தண்ணீரில் இருப்பது 6க்குப் பின்னால் 23 சுழியம் போட்ட எண்ணிக்கையில் மூலக்கூறுகள். அங்கே 'பெரும்பாலும்' என்பது 'எப்போதும்' ஆகிவிடுகிறது.

திரவத்தில் நெருக்கியடித்து நிற்கும் மூலக்கூறு ஆவியானதும் அதற்குப் பரந்த வெளி கிடைக்கிறது. 100 டிகிரியில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், இந்த என்ட்ரோபி வரவு மோலுக்குக் கெல்வினுக்கு 109 ஜூல். (செல்சியஸோடு 273 கூட்டினால் வருவது கெல்வின்.) செலவை வரவால் வகுத்துப் பாருங்கள். 40,700ஐ 109ஆல் வகுத்தால் 373 சொச்சம் வரும். 373 கெல்வின் என்பது 100 டிகிரி செல்சியஸ்! கொதிநிலை என்பது தண்ணீரின் மேல் ஒட்டிவைத்த எண் இல்லை, என்தால்பிச் செலவுக்கும் என்ட்ரோபி வரவுக்கும் உள்ள விகிதம். அதற்குக் கீழே செலவின் கை ஓங்கும், மேலே வரவின் கை ஓங்கும்.

இப்போது ஊட்டிக்கு வருவோம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 76 சதவீதம். பிரிந்து வரும் மூலக்கூறுக்கு இங்கே கூடுதல் இடம், 30.6 லிட்டருக்குப் பதில் 39 லிட்டர். இடம் கூடினால் பரவி அமையும் வழிகளும் கூடும். வாயு மாறிலியையும் மடக்கையையும் வைத்துக் கணக்கிட்டால் கூடுதல் வரவு கெல்வினுக்குச் சுமார் 2.3 ஜூல். 109 என்பது 111.3 ஆகிறது. 40,700ஐ இதால் வகுத்தால் 365.7 கெல்வின், அதாவது 92.5 டிகிரி செல்சியஸ். வெப்பமானி வைத்துப் பார்த்தால் வருவதும் அதுவேதான். (வெப்பநிலைக்கேற்ப என்தால்பியும் என்ட்ரோபியும் கொஞ்சம் மாறும். அவற்றைச் சேர்த்துப் போட்டாலும் விடை அதிகம் நகராது.) முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டு விடை வந்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. மலையேறும் பஸ்ஸில் காது அடைக்க வைக்கும் அதே அழுத்தக் குறைவு, அடுப்பிலிருக்கும் ஆவிக்குக் கூடுதல் வெளியாகக் கிடைக்கிறது.

பிரஷர் குக்கர் செய்வது இதற்கு நேர் எதிர். வெயிட் போட்டு மூடினால் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சுமார் ஒரு வளிமண்டலம் ஏறுகிறது. ஆவிக்கு இடம் சுருங்குகிறது, வரவு குறைகிறது, அதே செலவை ஈடுகட்டச் சூடு ஏற வேண்டியிருக்கிறது. கீழே குக்கருக்குள் 120 டிகிரி எட்டும். ஊட்டியில் வெளி அழுத்தமே குறைவு என்பதால் அதே குக்கர் 116 டிகிரி பக்கத்தில் நிற்கும். ஒன்றிரண்டு விசில் அதிகமாக விடுவதற்குக் காரணம் அந்த நான்கு டிகிரி.

செலவை வரவால் ஏன் வகுக்க வேண்டும் என்று இன்னும் சொல்லவில்லை. அதுதான் விஷயத்தின் உயிர். அதற்குமுன் வேதியியல் ஒருகாலத்தில் எங்கே தடுக்கி விழுந்தது என்பதைப் பார்ப்பது நல்லது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் டென்மார்க்கின் தாம்சனும் பிரான்சின் பெர்த்தலோவும் ஆயிரக்கணக்கான வினைகளின் வெப்பத்தைப் பொறுமையாக அளந்தார்கள். மாபெரும் உழைப்பு. அதிலிருந்து அவர்கள் கண்ட விதி இது: வெளியிலிருந்து ஆற்றல் கொடுக்காமல் தானாக நடக்கும் வினை எதுவானாலும் அது அதிக வெப்பம் வெளிவிடும் பக்கம்தான் போகும். விறகு எரிகிறது, சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்குகிறது, இரும்பு துருப்பிடிக்கிறது. எல்லாம் வெப்பம் விடும் வினைகள். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு உருளும் கல்லைப்போலப் பொருள்கள் குறைந்த ஆற்றலை நோக்கிப் போகின்றன என்ற எண்ணம் மனதுக்கு இதமாகவே இருக்கிறது.

ஆனால் கேத்தியிலோ கோத்தகிரியிலோ கேரட்டுக்கும் தேயிலைக்கும் யூரியாக் கரைசல் அடிக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். யூரியாவை முதலில் ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துக்கொள்வார்கள். கைவிட்டுக் கலக்கினால் விரல் மரத்துப்போகும் அளவுக்கு வாளி சில்லிட்டுவிடும். ஒரு கிலோ யூரியா கரைய ஏறத்தாழ 250 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பத்து லிட்டர் தண்ணீரில் கரைத்தால் அந்த வெப்பம் முழுவதையும் தண்ணீரிடமிருந்தே பிடுங்கிக்கொண்டு ஐந்தாறு டிகிரி குளிர வைத்துவிடும். யாரும் தூண்டவில்லை, அடுப்பில் வைக்கவில்லை, தானாகக் கரைகிறது. வெப்பத்தை விடவில்லை, எடுத்துக்கொள்கிறது. பெர்த்தலோவின் விதிப்படி இது நடக்கவே கூடாது.

படிகத்தில் அடுக்கிவைத்தாற்போல் நின்ற யூரியா மூலக்கூறுகள் கரைந்தபின் வாளி முழுக்க அலைகின்றன. அந்த வரவு வெப்பச் செலவை மிஞ்சிவிடுகிறது, அவ்வளவுதான். வெப்பத்தை மட்டும் பார்த்தவர்களுக்குக் கணக்கின் ஒரு பக்கம்தான் கண்ணில் பட்டது. இன்னொரு பக்கத்தையும் சேர்த்து எழுதியவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லர்ட் கிப்ஸ், 1870களில்.

சரி, இப்போது உறைபனிக்கு வருவோம்.

சனவரி விடியற்காலையில் தலைக்குந்தா புல்வெளி வெள்ளை விரித்தாற்போல் இருக்கும். சுற்றுலா வருகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அதே காலை வயிற்றில் புளியைக் கரைக்கும். மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்குக் கதிர்வீச்சாக இழந்துகொண்டே இருக்கும். காற்று இரண்டு மூன்று டிகிரியில் இருக்கும்போதே புல்லின் நுனி சுழியத்துக்குக் கீழே போய்விடும். அந்த நுனியில் ஈரம் பனிக்கட்டியாகப் படியும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பரவல் கூடும் பக்கம்தான் எல்லாம் போகும் என்றால், தாறுமாறாக அலைந்த தண்ணீர் மூலக்கூறுகள் எப்படி அறுகோணப் படிகமாக அணிவகுக்கின்றன? உறையும்போது தண்ணீரின் என்ட்ரோபி குறைகிறது, மோலுக்குக் கெல்வினுக்கு 22 ஜூல். இது நட்டம்தானே?

நட்டம்தான், தண்ணீருக்கு. ஆனால் உறையும்போது தண்ணீர் மோலுக்கு 6,010 ஜூல் வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பம் எங்கேயோ மாயமாகிவிடுவதில்லை. சுற்றியிருக்கும் காற்றுக்கும் மண்ணுக்கும் வானத்துக்கும் போய் அங்கே பரவலைக் கூட்டுகிறது. எவ்வளவு கூட்டும் என்பது பெற்றுக்கொள்ளும் இடம் எவ்வளவு குளிராக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மே மாதத்தில் மேட்டுப்பாளையத்தில் ஒருவருக்குக் கம்பளி கொடுத்தால் ஓரமாக மடித்து வைத்துவிடுவார். அதே கம்பளியைச் சனவரி இரவில் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் படுத்திருப்பவருக்குக் கொடுத்தால் அதன் மதிப்பே வேறு. வெப்பமும் அப்படித்தான். ஏற்கெனவே துள்ளிக்கொண்டிருக்கும் சூடான சூழலில் ஒரு ஜூல் சேர்ந்தால் பெரிய மாற்றமில்லை. குளிர்ந்த சூழலில் அதே ஒரு ஜூல் நிறையப் புது வழிகளைத் திறந்துவிடும். வெப்பத்தை வெப்பநிலையால் வகுப்பது இந்த மதிப்பைக் கண்டுபிடிக்கத்தான்.

எண்களைப் போட்டுப் பாருங்கள். சூழல் சுழியத்துக்கு 5 டிகிரி கீழே இருந்தால், 268 கெல்வின். 6,010ஐ 268ஆல் வகுத்தால் 22.4. தண்ணீர் இழப்பது 22, சூழல் பெறுவது 22.4. மொத்தத்தில் லாபம், அதனால் உறையும். சூழல் 5 டிகிரி மேலே இருந்தால், 278 கெல்வின். 6,010ஐ 278ஆல் வகுத்தால் 21.6. இழப்பு 22, வரவு 21.6. நட்டம், அதனால் உறையாது. ஏற்கெனவே இருக்கும் பனிக்கட்டியும் உருகும். ஒரு தோட்டம் முழுவதும் கருகுவதா பிழைப்பதா என்பது இந்த 0.4க்குள் அடங்கியிருக்கிறது. (புல்லின் மேல் படியும் உறைபனி பெரும்பாலும் நீராவியிலிருந்து நேரடியாகப் பனிக்கட்டியாவது. அங்கே எண்கள் பெரியவை, கணக்கின் போக்கு இதேதான்.)

என்தால்பியும் என்ட்ரோபியும் இரண்டு தனித்தனிச் சக்திகள், ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன என்றுதான் பொதுவாகச் சொல்லித் தருகிறோம். நானும் மேலே செலவு, வரவு என்று பிரித்தே எழுதினேன். உள்ளே இருப்பது ஒரே கணக்குதான். என்தால்பி மாற்றத்தை வெப்பநிலையால் வகுத்துக் குறியை மாற்றினால் கிடைப்பது சூழலின் என்ட்ரோபி மாற்றம். பொருளின் என்ட்ரோபியையும் சூழலின் என்ட்ரோபியையும் கூட்டினால் வரும் மொத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ஒன்றே கேள்வி. ஏறாமலும் இறங்காமலும் இரண்டும் சரிக்குச் சரியாக நிற்கும் வெப்பநிலைதான் கொதிநிலை. செலவை வரவால் வகுத்தது அதைக் கண்டுபிடிக்கத்தான். கிப்ஸ் செய்த உபகாரம், சூழலைத் தனியாக அளக்காமல் பொருளை மட்டும் வைத்தே இந்த மொத்தத்தைச் சொல்லிவிட ஒரு வழி கண்டது. என்தால்பி மாற்றத்திலிருந்து, வெப்பநிலையால் பெருக்கிய என்ட்ரோபி மாற்றத்தைக் கழித்தால் கிப்ஸ் கட்டிலா ஆற்றல் மாற்றம் வரும். அது குறை எண்ணாக இருந்தால் செயல் தானாக நடக்கலாம். பாடத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கும் அந்தச் சூத்திரம், உலகின் மொத்த என்ட்ரோபி கூடுகிறதா என்ற கேள்வியை வேறு வடிவில் கேட்பதுதான்.

உறையும்போது வெளிவரும் வெப்பம் அற்பமானதும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் உறைந்தால் 334 கிலோஜூல். பனிக்காலத்தில் விடியுமுன் தோட்டத்தில் ஸ்பிரிங்க்ளர் போடுவதை வெளியூர்க்காரர்கள் பார்த்தால், குளிரில் தண்ணீர் வேறா என்று கேட்பார்கள். தெளிக்கும் தண்ணீர் இலையைவிடச் சூடானது. அது ஆறும்போது தன் வெப்பத்தை இலைக்குக் கொடுக்கிறது. கொஞ்சம் உறைய நேர்ந்தால் உறையும்போது இன்னும் அதிகமாகக் கொடுக்கிறது. இலைதான் அங்கே சூழல்.

குன்னூரில் மழைக்காலத்தில் இருந்தவர்களுக்கு இன்னொரு கஷ்டம் தெரியும். சூலையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. குளிரால் காயவில்லை என்று நினைப்போம். ஆனால் சனவரியில் அதே குளிரில், அதைவிடக் கடுங்குளிரிலும், வெயில் மங்கிய நாளில்கூடத் துணி காய்ந்துவிடுகிறதே? 15 டிகிரியில் ஒரு மோல் தண்ணீர் ஆவியாகச் சுமார் 44.5 கிலோஜூல் வேண்டும். அதனால் சூழல் இழக்கும் என்ட்ரோபி கெல்வினுக்கு 154 ஜூல். காற்று ஈரத்தால் நிரம்பியிருந்தால் ஆவியாகும் தண்ணீரின் வரவும் சரியாக அதே 154தான். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை, துணி அப்படியே கிடக்கிறது. காற்றில் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால், புதிதாகச் சேரும் ஆவிக்கு நெரிசல் பாதியாகிறது. வரவில் 5.8 ஜூல் கூடுகிறது. அந்த 5.8தான் துணியைக் காய வைக்கிறது.

டீ ஃபேக்டரியில் கொழுந்தை வாட்டும் இடத்தில் நடப்பதும் இதுதான். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதில் ஒரு பகுதியை மெதுவாக இறக்கினால்தான் இலை துவண்டு, உருட்டுவதற்குப் பதமாகும். நல்ல நாளில் வெறும் காற்றை ஊதினாலே போதும். மேகமூட்டமான நாளில் காற்றைக் கொஞ்சம் சூடாக்கி ஊதுவார்கள். சூடாக்கியதால் காற்றிலிருந்த தண்ணீர் குறைந்துவிடவில்லை. அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய அளவு கூடியதால், இருக்கும் ஈரம் ஒப்பீட்டில் குறைவாகிவிடுகிறது. ஆவிக்கு மறுபடி இடம் கிடைத்துவிடுகிறது.

இந்த மலையில் எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் தைலம் காய்ச்சும் கொட்டகையில்தான் இருக்கிறது. கற்பூர மரம் என்று இங்கே சொல்லும் யூகலிப்டஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதன் இலையை அண்டாவில் அடைத்து, தண்ணீர் விட்டு மூடி, கீழே தீ மூட்டுவார்கள். மேலே கிளம்பும் ஆவி குழாய் வழியாகப் போய்க் குளிர்ந்த தண்ணீரில் ஆறி, சொட்டுச் சொட்டாக விழும். தைலத்தில் பெரும்பங்கு சினியோல் என்ற பொருள். அதன் கொதிநிலை 176 டிகிரி. அண்டாவிலோ 100 டிகிரிகூட இல்லை. அப்படியிருந்தும் தைலம் ஆவியாகி வந்துவிடுகிறது.

உலைத் தண்ணீரில் பார்த்த அதே காரணம்தான் இங்கேயும். சினியோல் தனியாகக் கொதிக்க வேண்டுமானால் அதன் ஆவி மட்டுமே வெளிக்காற்றின் அழுத்தம் முழுவதையும் எட்ட வேண்டும். நீராவியோடு சேர்ந்து வரும்போது பெரும்பாரத்தை நீராவி தாங்கிக்கொள்கிறது. சினியோல் சிறு பங்கு கொடுத்தால் போதும். ஆவியில் சினியோல் மூலக்கூறுகள் தங்களுக்குள் வெகுதூரம் விலகி நிற்கின்றன, அதனால் அவற்றின் என்ட்ரோபி வரவு அதிகம். வரவு கூடினால் கொதிநிலை இறங்கும். தண்ணீர் தனியாகக் கொதிக்கும் நிலைக்கும் சற்றுக் கீழேயே இரண்டும் சேர்ந்து கொதித்துவிடும். 176 டிகிரிக்குச் சூடேற்றினால் இலை கருகித் தைலமும் தீய்ந்த வாடை அடிக்கும். இந்த முறையில் மணம் கெடாமல் இறங்கிவிடுகிறது.

கீழே பாத்திரத்தில் விழுந்ததும் தைலம் தனியாகப் பிரிந்து மேலே மிதக்கும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஆகாது என்று சொல்லிப் பழகிவிட்டோம். அவற்றுக்கிடையே பகை ஒன்றும் இல்லை. பல எண்ணெய்ப் பொருள்கள் சாதாரண வெப்பநிலையில் தண்ணீரில் கரையும்போது வெப்பச் செலவு சுழியத்தை ஒட்டியே இருக்கிறது, சில சமயம் வெப்பம் வெளியேறவும் செய்கிறது. தடை என்தால்பியில் இல்லை. எண்ணெய் மூலக்கூறு நுழைந்தால் அதைச் சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகள் தங்கள் ஹைட்ரஜன் பிணைப்புகளை விடாமல் காத்துக்கொள்ள, ஒரு கூண்டுபோல அமைய வேண்டியிருக்கிறது. அவற்றின் சுதந்திரம் பறிபோகிறது. எண்ணெய்த் துளிகள் ஒன்றுசேர்ந்துகொண்டால் கூண்டில் அகப்பட்ட தண்ணீர் விடுபடுகிறது. கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும் அந்தப் பிரிவு நடப்பதே தண்ணீரின் என்ட்ரோபி கூடுவதால்தான். நம் உடம்பில் புரதங்கள் சரியான வடிவத்தில் மடிவதிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்று 1959இல் அமெரிக்க வேதியியலாளர் வால்ட்டர் காஸ்மன் விளக்கினார். 'ஒழுங்கற்ற தன்மை' என்ற சொல் ஏன் எனக்கு உறுத்துகிறது என்பது இங்கே விளங்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு உறவும் உண்டு. என்தால்பியும் என்ட்ரோபியும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்கும். மூலக்கூறுகள் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டால் வெப்பம் நிறைய வெளியாகும், ஆனால் அந்தப் பிடியாலேயே அவற்றின் அசைவு குறுகிவிடும். ஒன்றில் கிடைத்த லாபத்தின் ஒரு பகுதியை மற்றொன்று தின்றுவிடுகிறது. மருந்து தயாரிப்பவர்கள் புரதத்தோடு இன்னும் இறுக்கமாக ஒட்டும் மூலக்கூறைச் செய்துபார்த்து, எதிர்பார்த்த பலன் வராமல் தவிப்பதற்கு இது ஒரு காரணம். 1884இல் அயர்லாந்து இயற்பியலாளர் ட்ரௌட்டன் கவனித்த விஷயமும் இங்கே பொருந்தும். பல திரவங்கள் தத்தம் கொதிநிலையில் ஆவியாகும்போது என்ட்ரோபி வரவு ஏறக்குறைய ஒன்றுபோல 85, 88 ஜூலாகவே இருக்கிறது. தண்ணீருக்கோ 109. ஹைட்ரஜன் பிணைப்புகளால் திரவநிலையிலேயே கட்டுப்பட்டிருந்ததால், விடுபடும்போது அதற்குக் கிடைப்பதும் அதிகம்.

சுண்ணாம்புக் காளவாயும் இதே வகுத்தல் கணக்கில் அடங்கும். சுண்ணாம்புக்கல் சிதைய 178 கிலோஜூல் செலவு, கார்பன் டை ஆக்சைடு விடுபடுவதால் சுமார் 160 ஜூல் வரவு. வகுத்தால் 840 டிகிரி செல்சியஸ் பக்கம் வருகிறது. ஒரு வளிமண்டல அழுத்தத்தில் உண்மை எண் 900ஐ ஒட்டியது. அவ்வளவு உயர்ந்த சூட்டில் இரண்டு அளவுகளும் கொஞ்சம் மாறிவிடுவதால் இந்த வித்தியாசம்.

இந்தக் கணக்கு சொல்லாத ஒன்றும் உண்டு, வேகம். ஒரு செயல் நடக்கலாமா என்பதைத்தான் இது சொல்லும், எப்போது நடக்கும் என்று சொல்லாது. ஊட்டியில் பருப்பு வேகாததற்கு இதில் விடை தேடக்கூடாது. 92 டிகிரியிலும் பருப்பு வேகும், மெதுவாக வேகும். சூடு சில டிகிரி குறைந்தாலே வேதிவினையின் வேகம் நன்றாகக் குறைந்துவிடும் என்பது தனிப் பாடம்.

கற்பூர மர இலை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரிவதற்கு என்தால்பியும் சாதகம், என்ட்ரோபியும் சாதகம். எந்த வெப்பநிலையிலும் கணக்கு எரிவதன் பக்கமே. ஆனாலும் மரம் நூறு வருஷம் காற்றில் நின்றுகொண்டிருக்கிறது. எரியத் தொடங்குவதற்கு முன் தாண்ட வேண்டிய ஒரு மேடு இருக்கிறது, சாதாரணச் சூட்டில் மூலக்கூறுகளால் அதைத் தாண்ட முடிவதில்லை. மார்ச் மாதத்தில் காய்ந்த சருகில் யாரோ அணைக்காமல் போட்ட பீடி அந்த மேட்டைத் தாண்ட வைத்துவிட்டால், காடு முழுவதும் கணக்குத் தீர்க்கத் தொடங்கிவிடும். தைலக் கொட்டகையில் அதே தீயை அளவோடு வைத்திருக்கிறார்கள். தைலம் இறங்கியபின் அண்டாவிலிருந்து வாரிக் கொட்டிய சக்கை இலை வெளியே காய்கிறது. காய்ந்ததும் அதையே அடுத்த அண்டாவுக்குக் கீழே தள்ளி எரிக்கிறார்கள். மேலே தண்ணீர் 92 டிகிரியில் கொதிக்கிறது.